ஒரே நாள்ல வயசான ஸ்டேஷன்

எங்க தெருமுனைல போலீஸ் ஸ்டேஷன் வந்தது போன செவ்வாக்கிழமை. மத்தியானம் கட்டி முடிச்சாங்க, சாயங்காலத்துக்குள்ள அதுக்கு இருவது வயசாயிடுச்சு. ரொம்ப நாளா மூடிக் கெடந்த அடகுக் கடை அது. ஷட்டரத் தூக்கி, உள்ள பிளைவுட்ல செவுரு எழுப்பி, பச்சை பெயிண்ட் அடிச்சாங்க. அது காயறதுக்குள்ள ஒருத்தன் டீத்தண்ணிய பஞ்சுல தொட்டு மேலேர்ந்து ஒழுக விட்டான், மழைத்தண்ணி எறங்கின கறை மாதிரி. இன்னொருத்தன் சுவிட்சச் சுத்தி கரியத் தேச்சு வெரல் அழுக்கு வெச்சான். பெஞ்சு ஓரத்த மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஆயிரம் பேரு உக்காந்து எழுந்த மாதிரி வழவழன்னு ஆக்கினாங்க. நான் ஸ்கூல் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வாயப் பொளந்து பாத்துட்டு நின்னேன். அழகா இருந்துச்சு. இப்ப அதச் சொல்றப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

உளவாளிப் படம். கம்பெனி வெளிநாடு, வேல செய்யறவங்க முக்காவாசி எங்க மணிலாக்காரங்க. கதைல ஒரு ஒற்றன் எதிர் மாடி ஜன்னல்லேர்ந்து இந்த ஸ்டேஷன வேவு பாக்கறானாம். அதனால கேமரா ஸ்டேஷன் பக்கமே கெடையாது. எதிர் வரிசைல அலிங் பாசிங் அத்தையோட மிட்டாய்க் கடை மாடில, ஜன்னலுக்கு கருப்புத் துணி கட்டி, துணில ஒரு ஓட்ட போட்டு, அதுக்குப் பின்னாடி வெச்சிருந்தாங்க. கீழ நடக்கறவங்களுக்கு கேமரா இருக்கறதே தெரியாது. தெரியக் கூடாதுங்கறதுதான் விஷயமே.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஆன்டன் சார். எடத்தத் தேடிப் பிடிச்சு, செட்டு போட்டு, எது எங்க இருக்கணும்னு முடிவு பண்றவர் அவர். நல்லாதான் பேசுவார். "நெஜ ஸ்டேஷன் யாரையும் பயமுறுத்தாது ஜோவி"ன்னார். "டியூப்லைட்டு, பிளாஸ்டிக் நாற்காலி, மூலைல டீவி, டீவில பாட்டுப் போட்டி. அங்க கேமரா வெச்சா பல் டாக்டர் வீட்டு வராந்தா மாதிரி இருக்கும். பயம் வேணும்னா ஒரே ஒரு லைட்டு போதும். சுத்தி இருட்டு. தெரு ஈரமா இருக்கணும். அப்பதான் அந்த ஒரு லைட்டு ரெண்டாத் தெரியும்."

தெரு ஈரமா இருக்க டேங்கர் லாரி வந்துச்சு. எங்க கொழாய்ல காலைல கொஞ்ச நேரம்தான் தண்ணி வரும், அதுக்கும் கொடத்த வரிசைல வெச்சுட்டுக் காத்துக் கெடக்கணும். நாங்க கொடத்தோட நிக்கறோம், எங்க கண்ணு முன்னாடி ரோட்டுல தண்ணியப் பீச்சி அடிக்கறாங்க. "அது குடிக்கற தண்ணி இல்லம்மா"ன்னு டிரைவர் சொன்னான். "துணி தொவைக்கலாம்ல?"ன்னு அலிங் பாசிங் கேட்டதுக்கு, கொழாய இன்னும் பெருசாத் தொறந்து விட்டான். அப்புறம் ஒயரு. எங்க தெருவுல ஒயருக்கா பஞ்சம்? வானமே தெரியாது. அது பத்தலன்னு கரண்டே இல்லாத கருப்பு ஒயர கட்டுக்கட்டாக் கொண்டாந்து குறுக்கயும் நெடுக்கயும் தொங்க விட்டாங்க. எங்கம்மா செவுத்துக்கு வெள்ளையடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல, அதுல பாசி பூசினாங்க. நாங்க இருக்கற லட்சணம் அவங்களுக்குப் பத்தல, இன்னும் கொஞ்சம் நாசமா இருக்கணும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லா வெச்சிருந்தாங்க. ஸ்டேஷன் மேஜ மேல குழந்தை இயேசு சிலை, சின்னதா, பச்சை அங்கி போட்டது. அதுக்கு தெனமும் காலைல புதுசா மல்லிப்பூ மாலை. பூ வாடினா கேமரால காட்டிக் குடுத்துடுமாம்.

அந்த மாலைதான் எங்கக்காவ ஏமாத்துச்சு.

எங்கக்கா ரோவீனா நகரத்தோட அந்தக் கோடில இருக்கா, டிண்டோவோட. ரெண்டு ஜீப்னி வண்டி மாறி வரணும். டிண்டோ அவ புருஷன், எனக்கு மாமா, அந்த வார்த்தைய எழுதவே கை வரல. அவன் அவள அடிக்கறது எல்லாருக்கும் தெரியும். ரெண்டு தடவ அங்க இருக்கற நெஜ ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. மொத தடவ, குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கோன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ, அவ வீட்டுக்குத் திரும்பறதுக்குள்ள டிண்டோவுக்கு போன் போயிடுச்சு. அந்த ஸ்டேஷன் ஆளுங்களோட உக்காந்து குடிக்கறவன் அவன்.

இன்னிக்கு நான் ஸ்கூல்லேர்ந்து வந்தப்ப அக்கா எங்க வீட்டு அடுப்பு முன்னாடி நின்னு கருவாடு வறுத்துட்டிருந்தா. பாட்டு வேற. ஒதடு கிழிஞ்சு வீங்கி இருந்துச்சு, கன்னத்துல நீலம். ஆனா பாடிட்டிருந்தா.

"ஏண்டி, உங்க தெருவுல புதுசா ஸ்டேஷன் வந்திருக்குன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"ன்னா.

"எந்த ஸ்டேஷன்?"னேன், பையக்கூட எறக்காம.

"முனைல ஒரு பொண்ணு வாக்கிடாக்கியோட நின்னுச்சு. என் மூஞ்சியப் பாத்த ஒடனே குறுக்க கட்டியிருந்த கயித்தத் தூக்கி உள்ள விட்டுது. ஒரு கேள்வி கேக்கல. உங்கள மாதிரி இன்னும் அஞ்சு பேரு பெஞ்சுல இருக்காங்க, போயி அவங்களோட உக்காருங்க, கூப்பிட்டா உள்ள போயி சொல்லுங்கன்னுது. பாத்தா நெஜமாவே அஞ்சு பேரு, எல்லாருக்கும் அடி. ஒருத்தனுக்குக் கண்ணே மூடிப் போச்சு பாவம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. நம்ம மட்டும் இல்ல போலன்னு."

அஞ்சு பேரும் மேக்கப்பு. காலைல நான் ஸ்கூல் போறப்ப அந்தக் கண்ணு மூடினவனுக்கு பசை தடவிட்டிருந்தாங்க, அவன் இன்னொரு கண்ணால போன் பாத்துட்டிருந்தான். எங்கக்கா ஒதட்டையும் அந்தப் பொண்ணு மேக்கப்புன்னு நெனச்சிருக்கு.

"வாசப்படில தயங்கிட்டேன் ஜோவி. திரும்பிடலாம்னு பாத்தேன். அப்பதான் மேஜ மேல குழந்தை இயேசுவப் பாத்தேன். பூ அப்படியே வாசன அடிக்குது, இன்னிக்குக் காலைல போட்ட பூ. தெனம் பூ மாத்தற மனசுள்ளவங்க நம்ம பேச்ச கொஞ்சமாவது கேப்பாங்கன்னு தோணுச்சு. கேட்டாங்கடி. மீசக்காரர் ஒருத்தர். எல்லாம் கேட்டார். நடுவுல ஒரு தடவ கூட கடியாரத்தப் பாக்கல. 'இனி அவன் கை உங்க மேல படாதும்மா, நான் இருக்கேன்'னார். இந்த ரெண்டு வருஷத்துல எவனாவது அப்படி ஒரு வார்த்த சொல்லியிருக்கானா?"

நான் சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவ போன நீட்டினா. டிண்டோவுக்கு மெசேஜ் போட்டுட்டா. 'உன் மேல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன். இது உன் கூட்டாளிங்க ஸ்டேஷன் இல்ல. எங்கம்மா தெருமுனைல. என்னத் தேடி வந்தா உன்னப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க.'

அவன் பதில் கீழயே இருந்துச்சு. 'அந்தத் தெருவுல ஏது ஸ்டேஷன்? வந்து பாக்கறேன்.'

"வரட்டும். வந்து பாக்கட்டும். கொண்டய சிலுப்பற சேவல் மாதிரி ஆடறான்ல, வந்து அந்த மீசையப் பாக்கட்டும்"னு சிரிச்சா. ஒதடு வலிச்சு சட்டுன்னு நிறுத்தினா.

கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஓடினேன். ஷூட்டிங் முடிஞ்சு எல்லாரும் லைட்டுங்களோட கரண்ட் ஒயர மட்டும் சுத்திட்டிருந்தாங்க. ஆன்டன் சார் ஸ்டேஷன் படில உக்காந்து பன்ன காப்பில நனச்சு சாப்பிட்டிருந்தார். எல்லாத்தையும் சொன்னேன். மூச்சு வாங்குது, பாதி அழுகை. அவர் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன், அதனால பாத்துட்டேன். 'எங்கக்கா நெஜம்னு நம்பிட்டா'ன்னு சொன்னப்ப, ஒரு நொடி, ஒரே நொடி, அவர் மூஞ்சில ஒரு சந்தோஷம் வந்து போச்சு. நல்ல மார்க்கு வாங்கின பையன் மாதிரி.

அந்த காப்பிய அவர் தலைல ஊத்தணும் போல இருந்துச்சு.

"ஐயோ"ன்னார் அப்புறம். "அது உங்கக்காவா? டைரக்டர் அந்த ஷாட்ட நாலு தடவ போட்டுப் பாத்தாரும்மா. இந்தப் படத்துலயே இதான் உசுருள்ள எடம்னார். யாருன்னு தேடிக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கார்."

"கையெழுத்தா? அவ அழுததுக்கா?"

"உன் கோவம் புரியுது."

"ஒண்ணும் புரியல உங்களுக்கு. பயம் வேணும்னு லைட்டு வெச்சீங்க, தண்ணி ஊத்தினீங்க. எங்கக்காவுக்கு அங்கதான் சார் பயம் போச்சு. இப்ப அவன் வருவான். நாளைக்கு இத பிரிக்காதீங்க. ஒரு ரெண்டு நாள் இருக்கட்டும். வாசல்ல அந்த போலீஸ் போர்டாவது இருக்கட்டும்."

அவர் பன்னையே பாத்தார். "காலைல லாரி வருதும்மா. தெருவ காலி பண்ணித் தரோம்னு எழுதிக் குடுத்திருக்கோம். என் கைல இல்ல." அப்புறம், என்னமோ பெரிய தானம் பண்ற மாதிரி, "ராத்திரி பூரா அந்த லைட்ட எரிய விடறேன். அது என்னால முடியும்"னார்.

மீசக்காரர் உள்ள பெஞ்சுல உக்காந்து பூட்ஸ் கழட்டிட்டிருந்தார். எல்லாம் காதுல விழுந்திருக்கு. பேரு டெல்ஃபின், பஸ் கண்டக்டராம், வேல இல்லாத நாள்ல படத்துல கூட்டத்தோட நிக்க வருவாராம். மீச ஒட்டினது. அத ஒரு பக்கம் பிச்சு விட்டிருந்தார், தொங்கிட்டிருந்துச்சு.

"நான் அந்தப் பொண்ண நடிக்க ஆள் அனுப்பற ஏஜென்சி ஆளுன்னு நெனச்சேன்"னார். "அடேயப்பா, என்னமா நடிக்குது, நாமளும் சரிக்கு சமமா நடிக்கணும்னு நெனச்சேன். எனக்கு வசனமே கெடையாது. தலைய ஆட்டிட்டு எழுதற மாதிரி பண்ணுன்னுதான் சொன்னாங்க. அந்த வார்த்த என் வாயில தானா வந்துச்சு."

"எந்த வார்த்த?"

"நான் இருக்கேன்னு சொன்னது."

நான் அவரத் திட்டினேன். எங்கம்மா கேட்டா என் வாயில மொளகாயத் தேய்ப்பா, அந்த மாதிரி. வயசான மனுஷன், தலையக் குனிஞ்சு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டார். நெஜ போலீஸா இருந்தா அறைஞ்சிருப்பான். திட்டி முடிச்சப்ப, "உங்க மாமா எப்படி வருவான்?"னு மட்டும் கேட்டார். மோட்டார் சைக்கிள்ல, எங்கயோ இடிச்சு அதோட லைட்டு வளைஞ்சு வானத்தப் பாத்து எரியும்னு சொன்னேன். பூட்ஸோட நாடாவ மறுபடி கட்ட ஆரம்பிச்சார்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைல ராத்திரி வேல, போன உள்ள எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க. விடிஞ்சாதான் வருவா. கதவுல தாப்பா போட்டு, துணி மூட்டைய அண்டக் குடுத்து வெச்சிருக்கேன். அக்கா தூங்கறா. குப்புறப் படுத்து, வாயத் தொறந்து, கொறட்டையோட. எழுப்பி சொல்லணும், அது பிளைவுட்டுடி, டீக்கறைடி, உன்ன ஒருத்தன் துணி ஓட்ட வழியாப் படம் புடிச்சிருக்கான்டின்னு சொல்லணும். ரெண்டு தடவ தோள்கிட்ட கையக் கொண்டு போயிட்டேன். எங்கக்கா இப்படித் தூங்கி நான் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னே தெரியல. என்ன சொல்லி எழுப்பறது? எங்க கூட்டிட்டுப் போறது? நெஜ ஸ்டேஷனுக்கா?

போன் வெளிச்சம் வெளிய தெரியக் கூடாதுன்னு போர்வைக்குள்ள இருந்து எழுதறேன். அப்பப்ப ஜன்னல் வழியாப் பாக்கறேன். ஆன்டன் சார் சொன்னபடி லைட்டு எரியுது. தெரு இன்னும் காயல, அதனால லைட்டு ரெண்டாத் தெரியுது. இங்கேர்ந்து பாத்தா அவ்ளோ நெஜமா இருக்கு, எனக்கே ஓடிப் போயி உள்ள உக்காந்துக்கலாம் போல இருக்கு. மேஜைக்குப் பின்னாடி டெல்ஃபின் இன்னும் வீட்டுக்குப் போகாம உக்காந்திருக்கார். யூனிஃபார்ம காலைல திருப்பிக் குடுக்கணும். மீசைய மறுபடி ஒட்டியிருக்கார். இடுப்புல இருக்கறது ரப்பர் துப்பாக்கி.

இப்ப ஒரு வண்டி சத்தம்.

வெளிச்சம் ரோட்டுல விழல. மேல தொங்கற அந்த கரண்டில்லாத ஒயருங்க மேல விழுது, ஒண்ணொண்ணா வெள்ளையாகிட்டு வருது. மெதுவா வருது. ஸ்டேஷனுக்கு நேரா வந்து நின்னுடுச்சு. இஞ்சின அணைக்கல.

டெல்ஃபின் தொப்பிய எடுத்துப் போட்டுக்கிட்டார். ரெண்டு கையையும் மேஜ மேல ஊணி எழுந்தார். எழுந்த வேகத்துல அவர் நாற்காலி பின்னால போயி முட்டி, பச்சைச் செவுரு லேசா ஆடி நின்னுச்சு.