அரை நூல் வித்தியாசத்தில் நான்கு டயர்கள்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது குறைவு. 1961இல், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் கொல்லைக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அதைத் தாண்டி வந்த பேச்சுதான் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் எழுத்தாளர் மாதிரி இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

‘ஆடி வெயிலில் அந்த வேன் ஒரு யானையைப் போல’

வேண்டாம். யானை எதுவும் என் காதில் விழவில்லை. விழுந்தது இதுதான்:

“முடியாது அடைக்கலராஜ். இது ரெண்டும் ஜோடி இல்ல. அரை நூல் வித்தியாசம்.”

“அண்ணே, மூணாவது தடவையா டயர் ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். வண்டிமாடே வழி கேக்காம வந்து நிக்குது.”

2

பேசுகிறவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். அமிர்தசாமி, ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ரயில் பெட்டிகளுக்குச் சக்கரம் பொருத்தியவர். அடைக்கலராஜ், பாலக்கரையில் டயர் விற்பவர்.

யுத்த காலத்தில் ஓடிய பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, உள்ளே ரயிலில் இருப்பதுபோல் இரண்டு பெர்த்தும் ஸ்டவ் வைக்க ஒரு பலகையும் அடித்திருந்தார் அமிர்தசாமி. ரிட்டயரான பிறகு மனைவி லூர்துராணியோடு அதிலேயே குடியிருந்துகொண்டு ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். டயர்கள் இற்றுப்போனதால் வேன் கொல்லையில் கட்டைகள்மேல் நின்றது. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் டயர் அமையாவிட்டால், காட்டூரில் மைத்துனர் ஒழித்து வைத்திருக்கும் ஓர் அறைதான் கதி.

[அந்த அளவு டயர் அப்போது லேசில் கிடைக்காது. அடைக்கலராஜ் தேடிப்பிடித்தது ஒரு புதுசும், தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டிய மூன்றும். அரை நூல் என்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு.]

3

“ஒரே அச்சுல ஒரு சக்கரம் பெரிசு, ஒண்ணு சின்னதுன்னா என்ன ஆகும்? பெரிசு முந்தும், சின்னது இழுபடும். உள்ள ரெண்டு உசிரு தூங்கப்போகுதுய்யா.”

“இது ரயில் இல்லண்ணே. ரெண்டும் தனித்தனியா சுத்தும்.”

“ஒரே அச்சுங்கிறேன். அதெப்படித் தனித்தனி?”

[இதுகூடவா அவருக்குத் தெரியாது என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து இந்த இடத்தை இரண்டு தடவை அடித்தேன். ஆனால் அவர் கைப்பட்ட சக்கரமெல்லாம் தண்டவாளத்தில் ஓடியவை. அங்கே சக்கரமும் அச்சும் ஒன்றாக இறுகியிருக்கும்.]

பிறகு பேச்சில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, துவைக்கிற கல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அடைக்கலராஜ் ஜோடி சேராத இரண்டு டயர்களைப் பின்பக்கம் மாட்டி, வண்டியைக் கியரில் போட்டிருந்தார். சக்கரங்கள் தரையில் படாமல் நின்றன.

“அக்கா, நீங்க இந்தச் சக்கரத்தை முன்பக்கமாத் தள்ளுங்க. அண்ணே, நீங்க அந்தப் பக்கம் போய்ப் பாருங்க.”

லூர்துராணி முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினாள்.

“மாதாவே! லூர்து, எந்தப் பக்கமாச் சுத்துறே?”

“முன்பக்கமாத்தான்.”

“இங்க பின்பக்கமாச் சுத்துதுடி!”

“நிறுத்திடவா?”

“நிறுத்தாத! இன்னும் சுத்து, இன்னும்...”

“ஒரே அச்சுன்னு சொன்னீங்க?” என்றாள் லூர்துராணி.

“அப்படித்தான் நெனச்சிருந்தேன்.”

“வளைவுல வெளிச்சக்கரம் கூட ஓடணும், உள்சக்கரம் குறைச்சு ஓடணும்,” என்றார் அடைக்கலராஜ். “நடுவுல இருக்கிற பல்சக்கரம் பிரிச்சுக் குடுக்கும். உங்க அரை நூலையும் அது பாத்துக்கும்.”

அமிர்தசாமி மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாதா கோயிலில்கூட அவர் அவ்வளவு நேரம் மண்டியிட்டு நான் பார்த்ததில்லை. அவள் கை இங்கே, அவர் கண் அங்கே, நடுவில் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஏதோ ஒன்று. என் வீட்டு அடுப்பில் சோறு தீய்ந்தது, எனக்கு உறைக்கவில்லை.

4

முதலில் இப்படி முடித்திருந்தேன்: ‘நான்கு டயரும் மாட்டியாயிற்று. அவர்கள் ஆசைப்பட்டபடியே’

அவர்கள்?

பேனாவை வைத்துவிட்டேன். வேனில் குடியிருக்க லூர்துராணி ஆசைப்பட்டதாக எப்போது கேட்டேன்? ஞாபகத்திலிருந்த பேச்சையெல்லாம் துழாவினேன். “காப்பி ஆறுது.” “கட்டையில இடிச்சுக்காதீங்க.” அவ்வளவுதான். வேனா, காட்டூரா என்று அவளை யாருமே கேட்கவில்லை. ஒன்பது வருஷம் அடுத்த வீட்டில் இருந்த நானும் கேட்கவில்லை.

5

இனி வருவது என் கற்பனை. வீட்டுச் சாவியை ஒப்படைத்தாயிற்று. தஞ்சாவூர் ரோட்டில் ஏறும் இடத்தில் வேன் நிற்கிறது. கிழக்கே காட்டூர். மேற்கே டவுன், காவிரிப் பாலம், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், அதற்கப்பால் எவ்வளவோ.

“ஒரு பக்கமா இழுக்கவே இல்ல, பாத்தியா?”

“ம்.”

அமிர்தசாமி ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை.

“லூர்து, எந்தப் பக்கம் போகட்டும்?”

“என்னையா கேக்குறீங்க?”

“இதுல வேற யாரு இருக்கா?”

அவள் சொன்னதாக நான்கு பதில்கள் எழுதினேன். ஒன்றில் ரொம்ப அடக்கம், ஒன்றில் ரொம்பத் துணிச்சல், மற்ற இரண்டிலும் என் குரல். நான்கையும் அடித்துவிட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒருத்தியை ஒருவர் கேட்டிருக்கிறார். பதிலை நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். நீங்களும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.