கோப்பையின் அடியில் ஒரு சிலுவை

...எனக்கும் கிடைத்திருக்கலாம், வீரத்துக்குத் தரும் அந்த வெள்ளை ஜார்ஜ் சிலுவை, இப்போது கோப்பையின் அடியில் ஓட்காவுக்குள் கிடக்கிறது, கைமாறிக் கைமாறி என் பக்கம் வருகிறது, ஒவ்வொருவரும் ஒரு மிடறு குடித்துவிட்டு பிளாத்தோனின் தோளில் தட்டுகிறார்கள், இப்போது கர்னலாம் அவன், பயிற்சிப் பள்ளியில் எனக்குப் பக்கத்துக் கட்டில், நான் மட்டும் இன்னும் கேப்டன்... பதக்கத்தை இப்படி ஓட்காவில் குளிப்பாட்டும் நாளில் கூடப் படித்தவன்தான் கடைசி மிடறைக் குடித்து, அதை வென்ற கதையைச் சொல்ல வேண்டும், எங்கள் படையில் அப்படித்தான். சொல்லத்தான் போகிறேன். உனக்குச் சிலுவை வாங்கித் தந்த அந்த மலைக்கோட்டை காலியாக இருந்தது, பிளாத்தோன், எதிரிகள் முந்தின இரவே ஓடிவிட்டார்கள், நீ ஏறியது ஆளில்லாத சுவர்... இது ஒன்று போதாதா, இத்தனை பேர் முன்னால்?

"ஸாகர் ல்வோவிச், என்ன முறைச்சுக்கிட்டே இருக்கீங்க? சிலுவைய முழுங்கிடாதீங்க, அப்புறம் ரெண்டு நாளைக்கு கர்னல் உங்க பின்னாலயே அலையணும்!" என்கிறார் படை மருத்துவர், மேசையே குலுங்குகிறது, நான் குடிக்கிறேன், சிலுவை உதட்டில் சில்லென்று படுகிறது. கோட்டைக் கதைக்குப் போக வேண்டுமானால் முதலிலிருந்துதானே தொடங்க வேண்டும், தொடங்குகிறேன், தெரெக் ஆற்றில் பிளாத்தோனின் காதை உரசிப்போன குண்டு, அதற்குப் பரிசாக அவன் வாள்பிடியில் பதித்துத் தந்த முதல் சிவப்பு முத்திரை, செவஸ்தபோல் முற்றுகையில் தொடையில் பாய்ந்த இரும்புத் துண்டு, அவனுக்கடியில் செத்த குதிரை, அதன் பெயர் லாஸ்கா, நெற்றியில் வெள்ளைப் பொட்டு... எப்படி இத்தனையும் என் வாயிலிருந்து கொட்டுகிறது, நான் ஏன் நிறுத்தவில்லை, எல்லோரும் வாயடைத்துக் கேட்கிறார்கள், பிளாத்தோன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். இதோ, கதையில் கோட்டைக்கு வந்துவிட்டேன். இப்போது சொல்ல வேண்டியதுதான்.

"அடப்பாவி, எனக்கே மறந்துபோனதெல்லாம் வெச்சிருக்கியேடா!" அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொள்கிறான். "ஆமா, அன்னிக்குக் காலையில நீ எங்கடா இருந்த? சுவர் மேல நின்னு திரும்பிப் பார்த்தேன், உன்னைக் காணோமே."

கேலி இல்லை, உண்மையாகவே கேட்கிறான். நான்... அடிவாரத்தில், வண்டிக்குள், காய்ச்சலில், கம்பளிக்கடியில்... இல்லை, அது வேறு வருடமோ? லாஸ்காவின் நெற்றிப் பொட்டு தெரிகிறது, என் குதிரை என்ன நிறம்? அந்தச் சுவரை நான் பார்க்கவே இல்லையென்றால், அது காலியாக இருந்தது என்று எனக்கு யார் சொன்னது? எல்லோரும் காத்திருக்கிறார்கள், கோப்பையில் இப்போது ஒரு சொட்டும் இல்லை, சிலுவை மட்டும், என் கையிலிருக்கும் கோப்பைக்குள், கிணுகிணுவென்று...