நியூட்ரலில் இறங்கிய வண்டி

அமிர்திக்கு மேலே மலையில் இருக்கும் அந்த ஊரில், ரேணுகாதேவியின் காருக்கு வந்த சீக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லாத வாய் கிடையாது. இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக் களைத்த பிறகுதான் அது அவள் கைக்கே வந்தது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். போலியோவில் இடது கால் சூம்பிப்போனவளுக்கு வேறு வண்டி ஒத்துவராது. கணியம்பாடியில் இருக்கும் தன் தையல் கடைக்குத் தினமும் யார் தயவும் இல்லாமல் இறங்கி ஏறுவது அதில்தான். அது படுத்துவிட்டால் ஷேர் ஜீப்பின் பின்படியில் யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடவும், தூக்கிவிட்டதைத் தெருத்தெருவாகச் சொல்லவும் ஊரில் ஆள் தயாராகவே இருந்தது.

வண்டியோ கியர் மாறும்போதெல்லாம் முதுகில் குத்தியது. மேட்டில் இன்ஜின் மட்டும் கத்தும், சக்கரம் யோசிக்கும்.

"பழைய கியர் பாக்ஸு அக்கா. ஆயிலை மொத்தமா மாத்தினா தாங்காது. இப்ப பாதி, அப்பாலிக்கா பாதி" என்றார் மெக்கானிக் கண்ணாயிரம். "வழியில நின்னுட்டா கயிறு கட்டி மட்டும் இழுக்காதீங்க. இன்ஜின் ஓடினாதான் உள்ள ஆயில் சுத்தும்."

பாதி மாற்றினாள். மீதியையும் மாற்றினாள். சிவப்பாக ஊற்றிய ஆயில் சில வாரத்திலேயே கடுங்காப்பியாகி, தீய்ந்த வாடை அடித்தது.

"இன்னாக்கா ஓட்றீங்க, ஏரோபிளேனா?" என்று கண்ணாயிரம் சிரித்தார். ஆமையோடு போட்டி போட்டாலும் தோற்கும் வேகத்தில் ஓட்டுகிறவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டு மாணிக்கம்மாள் சும்மா இருப்பாளா? "வூட்ல டிரைவரை வெச்சுக்கினு இந்தக் காலோட நீயே ஓட்டுனா வண்டி இன்னாடி பண்ணும்?"

அந்த டிரைவர், ரேணுகாவின் புருஷன் விஜயராஜ். மலைப்பாதையில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவன். காரை அவன் தொடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். புளி மூட்டையை ஏற்றிக்கொண்டு வேலூர் போவான்.

அந்த ஞாயிறு, கல்யாண வீட்டு ரவிக்கைகளைக் கணியம்பாடியில் கொடுக்க வேண்டியிருந்ததால் ரேணுகாவும் கூட ஏறிக்கொண்டாள். இறக்கம் தொடங்கியதும் ஏசி நின்றது. காட்டுக்குருவிச் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"ஏன்யா, வண்டி நின்னுபோச்சா?"

"நான்தான் ஆஃப் பண்ணேன். நியூட்ரல்ல போட்டா அடிவாரம் வரைக்கும் தானா போவும். ஜீப்ல இப்டித்தான். உனக்கோசரம் எவ்ளோ பெட்ரோல் மிச்சம் புடிக்கிறேன் தெரியுமா?"

"வாராவாரமா?"

"பின்ன?" அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இன்ஜினைப் போடுய்யா! அதை நிறுத்திட்டு உருட்டினா கியர் பாக்ஸ் காய்ஞ்சு எரியாம இன்னா பண்ணும்? ஊரெல்லாம் என் காலைக் குத்தம் சொல்லுது, பார்த்துக்கினு கம்முனு இருந்தியே!"

"ஜீப்புக்கு ஒண்ணும் ஆவலியே" என்றான், உண்மையாகவே விளங்காமல்.

இன்ஜினைப் போட்டான். கணியம்பாடியில் ரவிக்கைகளைக் கொடுத்த பிறகும், மறுபடி அணைத்துவிடுவானோ என்று அவள் வேலூர் வரை கூடவே போய்வந்தாள்.

திரும்பி ஏறும்போது பாதி மலையில், ஒரு வளைவில் வண்டி கத்தியது, நகரவில்லை. அவன் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். ரேணுகா இருக்கை மாறி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். சூடேறிய கியர் பாக்ஸ் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஷேர் ஜீப் வந்தது. உள்ளேயிருந்து மாணிக்கம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. "ஏறிக்கிறியாடி? கை குடுக்கிறேன்."

"வேணாம்க்கா. நீங்க போங்க."

ஜீப் மறைந்தது. கியர் லிவரை மேடேறுவதற்கான 'L'-இல் போட்டு, மெல்ல மிதித்தாள். ஒரு உதறல். பிறகு பிடித்தது. ஊர்ந்தது.

"நில்லுடி, நான் ஏறணும்!"

"நின்னா மறுபடி ஏறாது! நடந்து வாய்யா!"

கண்ணாடியில் அவன் சிறுத்துக்கொண்டே போனான். பாவம்தான், ஆனாலும் நிறுத்தவில்லை.

வாசலில் மாணிக்கம்மாள் காத்திருந்தாள். "வூட்டுக்காரரு எங்கடி?"

"வர்றாரு."

பானட்டைத் திறந்ததும் தீய்ந்த வாடை முகத்தில் அறைந்தது. ரேணுகா கண்ணாயிரத்துக்குப் போன் போட்டாள். "மறுபடி பாதி ஆயில் மாத்தணும்."

"உள்ள தேய்ஞ்சிருந்தா ஆயில் மாத்தியும் பிரயோஜனம் இல்லக்கா. எவ்ளோ நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

"தாங்கற வரைக்கும் தாங்கட்டும். காலைல எடுத்துக்கினு வர்றேன். இனிமே இத ஓட்றது நான் மட்டும்தான்."