நீர்மாலைக்கு வந்த தண்ணீர்

குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்ப் பக்கம் திரும்பிய தங்கச்சாமியை அவன் தங்கை அழகுத்தாய் வழிமறித்தாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார்கள்.

“கொழாத் தண்ணி வேண்டாம்ணே. நம்ம கெணத்துக்குப் போவோம்.”

அப்பா சங்கையா விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தார். உள்ளே பெஞ்சில் கிடந்த அவரைக் குளிப்பாட்டத்தான் இந்த நீர்மாலை. தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடிக்க, வீட்டு ஆட்கள் குடம் சுமந்து கொண்டுவரும் தண்ணீர். சோழபுரத்தில் அவர்கள் தெருவில் பல வருசமாக எல்லாச் சாவுக்கும் அது குழாயடியிலிருந்துதான் வருகிறது. அதற்குக் காரணம் தங்கச்சாமிதான். யாரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கிணறு அப்பா தன் கையால் வெட்டியது. அதற்குப் பக்கத்தில்தான் தங்கச்சாமி பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை போட்டான். ப்ளீச்சிங் பவுடரும் காஸ்டிக்கும் கலந்த கழிவைக் குழி தோண்டி அதில் விட்டான். “மண்ணு குடிச்சிக்கிடும்” என்று கேட்டவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்னான். மண் குடித்தது; குடித்ததைக் கிணற்றில் கொண்டுபோய்க் கக்கியது. அம்மா வெள்ளத்தாய் இறந்த அன்று நீர்மாலை எடுக்கப் போன அப்பா, நுரை கட்டிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார். மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

அழகுத்தாய் அப்போது ப்ளஸ் டூ. பிறகு பி.எஸ்ஸி. முடித்தவள், பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். வீட்டில் ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை.

“டீச்சருக்குப் படி, பேங்குக்குப் படி. சாக்கடத் தண்ணியப் பாக்கதுக்கா ரெண்டு வருசம் படிப்பு?” என்றான் தங்கச்சாமி.

“படிக்கட்டும்லே” என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் கூடப் படிப்பவர்களைப் பற்றிச் சொல்லுவாள். ஒருத்தி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலைக்குப் பரீட்சை எழுதுகிறாள். ஒருவன் சிமெண்ட் ஆலையில் தூசி அளக்கப் போகிறான். இன்னொருவன் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் அணில்களை எண்ணும் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறான். “அணில எண்ணுததுக்குச் சம்பளமாம்லே!” என்று தங்கச்சாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. கழிவுநீர் முழுக்க அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் பட்டறைக்குள் நுழைந்துவிட்டாள். நோட்டீஸ் வந்தால் பட்டறையை மூடவேண்டி வரும் என்ற பயத்தில் அவன் ஒத்துக்கொண்டான். குழியைத் தூர்த்து, சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, கழிவைத் தெளியவைத்துச் சுத்தம் பண்ணினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் அப்பாவும் மகளும் மோட்டார் வைத்துக் கிணற்றை வறள வறள இறைத்தார்கள். அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்கு என்று தங்கச்சாமி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கிறுக்கு என்பது சாக்கு. பார்க்கத் திராணியில்லை.

“ஏ தாயி, ஊரே கூடி நிக்கி. நொரத் தண்ணிய ஊத்தியா எங்கண்ணன அனுப்பணும்?” என்றார் சித்தப்பா சமுத்திரம்.

“இல்ல சித்தப்பா. ஒவ்வொரு மழைக்குப் பொறவும் ‘தண்ணி நல்லா ஆச்சா தாயி’ன்னு அப்பா கேப்பாக. ‘இன்னும் ஆகல’ம்பேன். போன வாரந்தான் ‘ஆச்சுப்பா’ன்னேன்.” அழகுத்தாய் கிணற்றுப் பக்கம் கையை நீட்டினாள். “‘அப்ப எனக்கு நீர்மாலைய அங்கன இருந்தே எடுங்க’ன்னு சொன்னாக.”

சித்தப்பா மேளக்காரர்களுக்குக் கை காட்டினார். மேளம் கிணற்றுப் பக்கம் திரும்பியது.

கிணற்றை மூடியிருந்த தகரத்தை விலக்கியதும் தங்கச்சாமி கண்ணை மூடிக்கொண்டான். மூக்குக்கு அந்தக் காரவாடை வரவில்லை. மெல்லக் குனிந்து பார்த்தான். வெயில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. படிகள் ஒவ்வொன்றாகக் கீழே போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கும் கீழே, பாறையில் அப்பாவின் கடப்பாரை விழுந்த தடங்கள்கூடத் தெரிந்தன.

“ஏட்டி... அடி தெரியுது.”

“தெரியும்ணே. எறங்கி மோந்துக்கோ.”

தண்ணீருக்கு மேலிருந்த கடைசிப் படியில் உட்கார்ந்து குடத்தை அமுக்கினான். தண்ணீரோடு விரல்நகம் பருமனுக்கு ஒரு மீன்குஞ்சு உள்ளே போனது. குடத்துக்குள் எட்டிப் பார்த்தவன், அது சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டு எழுந்திருக்கவே மறந்தான்.

“இத யாரு விட்டது?”

“யாரும் விடல. ஐப்பசி மழையில கண்மாய் நெறஞ்சு மறுகால் போச்சுல்லா, அதுல வந்திருக்கும். தண்ணி சரியில்லன்னா செத்துருக்கும்.”

தங்கச்சாமி தங்கையை நிமிர்ந்து பார்த்தான். நேற்றுவரை தெரிந்த முகந்தான். இன்றைக்குக் கோயில் வாசலில் நிற்பதுபோல அவனுக்குக் கை கூப்பத் தோன்றியது.

“இதத்தான் படிச்சியா தாயி, அம்புட்டு தூரம் போயி?”

“எங்கையில என்னண்ணே இருக்கு? பாதிக்கு மேல மழ செஞ்சது. வா, நேரமாவுது.”

வெள்ளைத் துணி நிழலில் குடம் தளும்பாமல் நடந்தான். வாழ்நாளில் அவ்வளவு கவனமாக அவன் எதையும் சுமந்ததில்லை.

வாசலில் அப்பாவை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அழகுத்தாய் முதலில் ஊற்றினாள். பிறகு தங்கச்சாமி தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். நெற்றியிலும் மூடிய இமையிலும் நரைத்த மார்பிலும் தண்ணீர் வழிந்தது. அம்மாவுக்குக் கிடைக்காத தண்ணீர். அவன் விம்மி அழுதான். ஆனால் அடியில் ஒரு கை நீர் மிஞ்சியபோது நிறுத்திவிட்டான்.

“ஊத்துலே. மிச்சம் வைக்கப்பிடாது” என்றார் சித்தப்பா.

அழகுத்தாய் உள்ளே போய், அப்பா தண்ணீர் குடிக்கும் செம்பை, மருந்து கலந்த குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்து எடுத்துவந்து நீட்டினாள். மிச்சத்தை அதில் சாய்த்துவிட்டு, வெறுங்குடத்தை அப்பாவின் தலைக்கு மேல் ஒருமுறை கவிழ்த்தான். சித்தப்பா செம்புக்குள் எட்டிப் பார்த்தார்; மீன்குஞ்சு சுற்றிக்கொண்டிருந்தது.

மேளம் சுடுகாட்டுப் பாதைக்குத் திரும்பியது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன தங்கச்சாமி, பட்டறை வேலியைத் தாண்டும்போது ஒரு நிமிசம் நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம், செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழகுத்தாய் கிணற்றை நோக்கி அடிமேல் அடிவைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.