ஏழாவது ஓட்டு

“இந்த ஒரு தடவ அந்த லாராவுக்கே கையத் தூக்கிட்டு வந்துருங்களேன்” என்று ஷாமளா சொன்னபோது ஜெயபாலன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட் என்றால் ஐந்து நாள் தொலைக்காட்சியைப் பிடித்துக்கொள்ளும் பீடை என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதவள் அவர் மனைவி. அவள் வாயிலிருந்தே லாராவின் பெயர் வருகிறதென்றால் விஷயம் முற்றிப்போய்விட்டது என்று அவருக்குப் புரிந்தது.

“லாரா யாருன்னு தெரியுமா உனக்கு?”

“யாரா இருந்தா என்னங்க? மாப்பிள்ள வீட்டு ஆளு. எனக்கு அது போதும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மகள் சாந்தினிக்கு நிச்சயதார்த்தம். பையன் அட்ரியன், ஜெயபாலனின் கூட்டாளி கேப்ரியலின் மகன். இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலை. தினமும் எல்லை தாண்டுகிற பாலத்து நெரிசலில் ஒரே பஸ்சில் நின்று நின்று மனசு ஒத்துப்போனவர்கள். கோயிலா, சர்ச்சா என்ற பேச்சு ஊரார் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. காலையில் கோயிலில் தாலி, சாயங்காலம் சர்ச்சில் மோதிரம் என்று இரண்டு கோப்பை தேநீருக்குள் முடிந்துவிட்டது. சீர் வரிசை என்று ஷாமளா வாயெடுத்ததும் கேப்ரியல் கையை வேகமாக ஆட்டி, பெண்ணைத் தவிர வேறு எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். இப்படி எல்லாம் வழுக்கிக்கொண்டு போன கல்யாணத்தில் முள்ளாக மிச்சம் இருந்தது, உலகத்திலேயே பெரிய டெஸ்ட் மட்டையாளர் யார் என்ற கேள்வி மட்டும்தான்.

சிரிக்க வேண்டாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், அவர்கள் ஊரான ஸ்கூடாயில் ஐயாசாமி கடை என்று ஒன்று உண்டு. பருப்பில் தொட்டுத் தின்கிற பரோட்டாவான ரொட்டி சானாய்க்குப் பேர்போன கடை. டிசம்பர் மாதக் கடைசி ஞாயிறு காலையில் அங்கே ஏழு பேர் இரண்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு உட்காருவார்கள். ஏழு பேரும் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஒன்றாக ஷிப்ட் பார்த்தவர்கள், சிலர் இன்னும் பார்க்கிறவர்கள். பூப்பந்துக்கும் கால்பந்துக்கும் மட்டுமே வாய்பிளக்கிற ஊரில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து நாள் ஆடுகிற ஆட்டத்தை விடாமல் பார்த்தவர்கள் என்பதில் அவர்களுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு அவர்கள் உலகத்தின் தலைசிறந்த பத்து மட்டையாளர்களை வரிசைப்படுத்துவார்கள். வரிசை அடுத்த டிசம்பர் வரை கடையின் வெள்ளைப் பலகையில், அன்றைய குழம்பு வகைகளுக்கு மேலே இருக்கும். ஒருமுறை ஒரு சீனத்து அம்மாள் பலகையைப் படித்துவிட்டு சோபர்ஸ் ஒரு தட்டு கேட்டதாக ஐயாசாமி சத்தியம் செய்வார்.

பிராட்மன் அந்த வரிசையில் கிடையாது. நூறு வெள்ளிக்கு ஆறு காசு குறைவாகச் சராசரி வைத்திருந்தவரை மனிதர்களோடு எப்படிச் சேர்ப்பது? சாமிக்குப் போட்டியில்லை என்று அவரைத் தனியே உயரத்தில் எழுதிவிடுவார்கள். இருபது ஓவர் ஆட்டத்தைப் பற்றி வாய்திறந்தவன் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வரவேண்டும். இரண்டிலிருந்து பத்து வரை கத்தியே தீர்த்துவிடுவார்கள். ரிச்சர்ட்ஸ் ஏறுவார், கவாஸ்கர் இறங்குவார், சங்கக்காராவுக்காக யாராவது மேசையைக் குத்துவார்கள். முதல் இடத்துக்கு மட்டும் கை தூக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். திருச்செல்வத்தின் பக்கம் மூன்று பேர் சச்சினுக்கு. கேப்ரியல் பக்கம் மூன்று பேர் லாராவுக்கு. ஏழாவது ஆள் ஜெயபாலன். அவர் வருடம் தவறாமல் ராகுல் டிராவிட்டுக்குத்தான் கை தூக்குவார். ஒற்றைக் கை. அதனால் பலகையில் முதல் இடத்தில் இரண்டு பெயரும், ஒரு பாயில் படுத்த பங்காளிகள்போல, முட்டிக்கொண்டே இருக்கும். டிராவிட்டை ஒன்பதிலோ பத்திலோ போட்டு வைப்பார்கள்.

அவரை இழுக்க இரண்டு பக்கமும் செய்யாத தந்திரமில்லை. “ஒரு ஆளு அடிக்கிறதப் பாக்காதீங்கடா, விடுறதப் பாருங்க” என்பதுதான் அவருடைய பதில். அவர் கிரேன் ஓட்டுகிறவர். காற்றில் ஆடுகிற கண்டெய்னரைக் கப்பலிலிருந்து இறக்குவதில், எப்போது இறக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்று தெரிவதுதான் பாதித் தொழில். டிராவிட் வெளியே போகிற பந்துக்கு மட்டையை உயர்த்தி அதை விட்டுவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல நெஞ்சு நிமிரும். உலகமே சச்சின் என்றபோதும் அவர் அசையவில்லை. கூட்டத்தில் ஒற்றை ஆளாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்போதுதான் வந்தது வினை. லாராவின் தலைமை வக்கீல் கேப்ரியல் மாப்பிள்ளையின் அப்பனாகிவிட்டான்.

சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தன் அக்கா கல்யாணத்தன்று, சாம்பாரில் உப்பில்லை என்று மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தபோது, அப்பா ஓடிப்போய்க் கைகூப்பி நின்றதை ஜெயபாலன் மறக்கவில்லை. தனக்குப் பெண் பிறந்தால் அந்தக் கும்பிடு மட்டும் போடமாட்டேன் என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டார். ஆனால் பாருங்கள், முப்பது வருடமாக “டேய் கேப்” என்று கூப்பிட்டவனை, பேச்சு முடிவான மறுநாளே “வாங்க” என்றது அவர் நாக்கு. போன வாரம் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கேப்ரியல் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. கேட்காமலே முதுகு வளைகிறதே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம். ஷாமளா சொன்னதைக் கேட்டதும், அதைத் தானும் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்து ஆத்திரம் இன்னும் கூடியது.

சாந்தினிதான் காரில் கொண்டுபோய் விட்டாள். “என்னப்பா, இந்த வருசம் பேச்சையே காணோம்? எப்பவும் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாப்பீங்களே?” என்றாள். அவர் சிக்னல் விளக்கைப் பார்த்தபடி இருந்தார். வீட்டுக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளும் கூடவே கடைக்குள் வந்தாள்.

வரிசை வழக்கம்போல் அமளியாக நடந்தது. காலிஸ் பந்தும் போட்டவர் என்று ஒருவர் வாதாட, மட்டையைப் பற்றி மட்டும் பேசு என்று மற்றவர்கள் அடக்கினார்கள். ஸ்மித்துக்கு ஏழாம் இடம் கிடைத்தது. ஜெயபாலன் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் முக்கி முக்கி வைத்தார், வாய்க்குள் போகவில்லை. இந்த வருடம் எழுதுகோல் கேப்ரியலின் கையில். பலகைக்குப் பக்கத்தில் நின்று அவன் தொண்டையைக் கனைத்தான்.

“முதல் எடம். சச்சின்?”

திருச்செல்வமும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் கை தூக்கினார்கள்.

“லாரா?”

கேப்ரியல் தன் கையைத் தூக்கினான். அவன் பக்கத்து இரண்டு கைகள் எழுந்தன. பிறகு, காதுவரைக்கும் மட்டுமே உயர்ந்த இன்னொரு கை.

“அலமாக்!” என்று முதலில் கத்தியவர் திருச்செல்வம். “பொண்ணக் குடுத்ததோட ஓட்டையும் சேத்துக் குடுத்துட்டான் லா!” எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாலனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு தன் அப்பாவுடையது என்று அவருக்கே தெரிந்தது. விட வேண்டிய பந்தைத் தொட்டுவிட்டோம் என்றும் தெரிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் சாந்தினி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள்.

கேப்ரியல் எழுதவில்லை. எழுதுகோலுக்கு மூடியைப் போட்டான்.

“பாலா, மனசத் தொட்டுச் சொல்லு. லாராவா பெருசு?”

“நானூறு அடிச்ச ஆளு… பெருசுதானேங்க.”

“அந்த நானூற நான் எத்தன வருசமா உங்கிட்ட சொல்றேன்? அப்பல்லாம் என்ன சொல்லுவ?”

ஜெயபாலன் பிய்த்த ரொட்டியை மறுபடியும் பருப்பில் முக்கினார்.

“சீரு வேணாம்னு அன்னைக்கே சொல்லிட்டேன். இது என்ன? இது ஓட்டு இல்லடா, சீரு. இத வாங்கிட்டுப் போயி நான் எங்க வைக்கிறது?”

“சம்பந்தி ஆகப் போறோம், அதான் ஒரு மரியாதைக்கு…”

“மரியாத!” கேப்ரியலின் முகம் சிவந்துவிட்டது. நிஜமான கோபம். “உன் ஓட்ட வாங்க நான் பேசாத பேச்சா? ஒரு வருசமாச்சும் அசஞ்சியா நீ? வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டி ஐலீன்கிட்ட எரிச்சலோட சொல்லுவேன், அவன் ஒருத்தன் லா, மலையப் பேத்தாலும் அவனப் பேக்க முடியாதுன்னு. அட்ரியன் வந்து உன் மக பேரச் சொன்னப்ப நான் மறுபேச்சுப் பேசினேனா? அந்த மனுசன் வீட்டுப் பொண்ணுன்னுதானே பெருமையா சரின்னேன். இப்ப அந்த மனுசன் எங்கடா?”

இத்தனை வருடச் சண்டைக்கு நடுவில் இவன் தன்னைப் பற்றி வீட்டில் இப்படிப் பேசியிருக்கிறான் என்பது ஜெயபாலனுக்குத் தெரியாது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

“போட்ட ஓட்டு போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது” என்றார் திருச்செல்வம். அந்த ஓட்டால் தோற்கப் போவது தன் சச்சின் என்பதுகூட ரகளை ஆசையில் அவருக்கு மறந்துவிட்டது.

தோசைக்கல்லருகிலிருந்து ஐயாசாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். “அது நோ பால் லா. திருப்பிப் போடுங்க.”

“அப்பா” என்றாள் சாந்தினி. “அங்கிள் கேக்குறாங்கல்ல. பேசுங்க.”

ஜெயபாலன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை, அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“டேய் கேப்” என்று ஆரம்பித்தார். “உன் லாரா பெரிய ஆட்டக்காரன். திரு, உன் சச்சினும்தான். அவங்க ஆடினா ஊரே நின்னு பாக்கும். என் ஆளு ஆடினா ஊரு எந்திரிச்சு டீ குடிக்கப் போகும். போகட்டும். திரும்பி வரப்ப அவன் அங்கயே நிப்பான். டெஸ்ட்ல அவன் அளவுக்குப் பந்தப் பாத்தவன் ஒருத்தன் கெடையாது, முப்பத்தோராயிரத்துக்கு மேல. கல்கத்தாவுல அவன் எடத்த எடுத்து லட்சுமணனுக்குக் குடுத்து, அவன ஆறாவதா எறக்கினாங்க. மொகத்தத் தூக்கினானா? போனான், நின்னான், நாள் முழுக்க ரெண்டு பேரும் ஒரு விக்கெட் குடுக்கல. சிட்னியில பதினெட்டு ரன்ல நாப்பது பந்து நின்னான்டா. நாப்பது! அடுத்து ஒரே ஒரு ரன் எடுத்தான். ஆஸ்திரேலியாக்காரன் பூரா எந்திரிச்சுக் கை தட்டுறான். கிண்டலுக்குத் தட்டுறான்னு வேற எவனா இருந்தாலும் குனிஞ்சுக்குவான். இவன் என்ன பண்ணினான் தெரியுமா? சதம் அடிச்சவன் மாதிரி மட்டையத் தூக்கிக் காட்டினான். அந்த ஒத்த ரன்னுக்கு!”

அவருக்கு மூச்சு வாங்கியது. “எனக்கு அவன்தான் மொத ஆளு. பொண்ணு குடுத்தாலும் அவன்தான். குடுக்காட்டியும் அவன்தான்.”

“ஆங்!” என்றான் கேப்ரியல். எழுதுகோலின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினான். “எல்லாரும் கையக் கீழ போடுங்க. மறுபடி மொதல்லேருந்து. சச்சின்? மூணு. லாரா?” தன் கையை மற்ற எவருடையதையும்விட உயரமாகத் தூக்கினான். கூட்டாளிக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடுப்போம் என்ற எண்ணத்தின் நிழல்கூட அவன் முகத்தில் இல்லை. “மூணு.”

பிறகு கொஞ்சம் நிறுத்தினான். மேசையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“ராகுல் டிராவிட்?”

ஜெயபாலன் வலது கையைத் தூக்கினார். பருப்பில் தோய்ந்த கை, கழுவவில்லை. முழங்கை மடங்காமல், மின்விசிறியைத் தொட்டுவிடுவதுபோல நேராகத் தூக்கினார்.

“ஒண்ணு” என்று கேப்ரியல் கடைக்கே கேட்கும்படி எண்ணினான். எண்ணி முடித்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. விரல்களிலிருந்து பருப்பு வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி, தேய்த்த வெள்ளைச் சட்டையின் கைக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.