விரல் கனக் களிமண்

திருவக்கரைக்குப் பக்கத்து ஓடைச் சரிவின் உச்சியில் ஜெசி அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனை இரண்டு ஆள் உயரம் கீழே, சுகுமார் கையில். இருவரும் பாறை அடுக்குகளை அளந்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வந்தவர்கள். தை பிறந்தால் கல்யாணம்.

அடியில் விரல் கனத்தில் களிமண் அடுக்குகள். மேலே போகப் போக மணல் பருத்தது, அடுக்கும் தடித்தது. உச்சியில் கூழாங்கல் பாறை, ஒரே அடுக்கு, ஆள் உயரம். ஜெசிக்கு ஆசையெல்லாம் அந்த அடிக் களிமண் மேல்தான். ஆசை என்ன, பேராசை. "வெய்யில் படாததா எடு. இன்னும் உள்ள நோண்டு" என்று காலையிலிருந்து அவனை விரட்டிக்கொண்டிருந்தாள். அவனும் முதுகு மறையும் அளவுக்குக் குடைந்துவிட்டான். முந்தின நாள் பெய்த மழையை யார் நினைத்தார்கள்?

குனிந்தபோதுதான் பார்த்தாள். அவள் குதிகாலுக்குப் பின்னால், காலையில் இல்லாத விரிசல். ஒரு கூழாங்கல் அதற்குள் விழுந்து ஆழத்தில் உருண்டது. மழைத்தண்ணீர் கூழாங்கல் வழியாக இறங்கியிருக்கும். களிமண் அதைக் கீழே விடாது, ஊறி வழுக்கும். கனமெல்லாம் மேலே, பலவீனமெல்லாம் கீழே. அந்த அடியையும் அவள்தான் வெட்டவைத்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். இவள் அவன் தலையில் போடப் பார்த்தாள்.

பின்னால் தாண்டினால் அவள் பிழைப்பாள். ஆனால் உந்துகிற உந்தில் பாறை அவன் மேல் சரியும். உண்மையைச் சொன்னால்? மரக்காணத்துக் கடலில் வளர்ந்த மடையன், பயமே தெரியாது. அவளைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நேர் கீழேயே நிற்பான்.

"சுகு," குரல் நடுங்காமலிருக்க மாதாவை வேண்டிக்கொண்டாள். "தாகமா கீது. வண்டிலேர்ந்து தண்ணி எடுத்துக்கினு வா."

"இரு, முடிச்சிட்டு போறேன்."

"ஜல்தி போடா! மயக்கமா வருது."

"காலையிலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினே கீற," என்று முனகியபடி வெளியே வந்தான். சுத்தியலையும் டேப் முனையையும் குழியிலேயே போட்டுவிட்டு ஆடி அசைந்து நடந்தான். அவள் மூச்சுகூட விடவில்லை. பாதத்துக்கு அடியில் பாறை லேசாக அசைந்தது. நடடா, நடடா என் ராசா. புளியமரத்தடியில் நின்ற வண்டியை அவன் தொட்ட பிறகே தாண்டினாள்.

பாறை சரிந்த சத்தத்தில் காது அடைத்துப்போனது. செம்புழுதி அடங்கியபோது விரிசலுக்கு இந்தப் பக்கம் தரையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். கையில் டேப் விறைத்து நின்றது. அதன் மறுமுனை பாறைக்கு அடியில் இருந்தது.

"ஜெசி! ஜெசி!" அலறிக்கொண்டே சுகுமார் மேலேறி வந்தான். பாட்டில் தண்ணீரெல்லாம் வழியில் சிந்தியிருந்தது. அவளைப் பார்த்தான். டேப் போகிற பக்கம் பார்த்தான். அவன் குடைந்த இடமே அங்கே இல்லை.

"தாகம்னு சொன்னியே," என்றான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.