டேஷ்போர்டில் பலாப்பலகை

உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பலாப்பலகையின் மஞ்சள் தூள் என் முழங்கை வரை ஏறுகிறது, பழவாசனையா மரவாசனையா என்று பிரிக்க முடியாத ஒன்று கார் கொட்டகை முழுக்க நிறைகிறது, எதிரே பக்கத்து வீட்டுத் தபசிமுத்து அண்ணாச்சி, மூன்று வருடமாக என் முகத்தைப் பார்க்காதவர், என் காரின் டேஷ்போர்டுக்கு அட்டையில் அளவு வெட்டிக்கொண்டிருக்கிறார், இது கனவென்றால் மெதுவாக விழித்தால் போதும், உங்க பலாக்கொம்பு எங்க கொட்டகை மேல சாயுது அண்ணாச்சி, கொஞ்சம் தறிச்சு விடுங்க என்று அன்று மதிலோரம் நின்று நான்தான் கேட்டேன், மரத்துல கைய வச்சா நடக்கதே வேற டீச்சரே என்று அவர் கத்தினார், அதோடு பேச்சு நின்றது, அவர் மனைவி லில்லிபாய் மட்டும் சந்தையில் பார்த்தால் கண்ணால் சிரிப்பாள், பிறகு அந்த ஐப்பசிக் காற்று, விடிந்து கதவைத் திறந்தால் மரம் வேரோடு சாய்ந்து, தகரத்தைப் பிளந்து, கொம்பு காரின் முன்கண்ணாடி வழியே உள்ளே புகுந்து கிடக்கிறது, ஸ்டீயரிங் மேல் பச்சை இலைகள், நான் ஓய்வு பெற்ற மாதம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார், நான் அழவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார், மரத்துக்கா காருக்கா என்று கேட்கவில்லை, அந்த வாரம் முழுக்கக் கனவில் இலைகளை விலக்கிக்கொண்டே கார் ஓட்டினேன்.

கண்ணாடி புதிதாகப் போட்டாயிற்று, உடைந்த டேஷ்போர்டுப் பட்டைதான் எங்கேயும் கிடைக்கவில்லை, பங்குனியில் ஒருநாள் தோளில் பலகையோடு அவர் வாசலில் நிற்கிறார், விழுந்த மரத்த மில்லுல அறுத்துக் காயப் போட்டிருந்தேன் டீச்சரே, ஒடஞ்ச எடத்துல இத வச்சுப் பாப்பமா என்கிறார், உங்களுக்குத் தச்சுவேலை தெரியுமா என்கிறேன், தெரியாது, ஒங்களுக்கு என்கிறார், எனக்கும் தெரியாது என்று சொல்லிக் கதவை அகலத் திறக்கிறேன், முதல் துண்டு நீளம் குறைந்தது, இரண்டாவது துண்டு ஸ்க்ரூ ஏறும்போது பிளந்தது, நான் சிரித்துவிட்டுப் பயந்து அவரைப் பார்த்தேன், அவரும் சிரித்தார், கதவோர வளைவுக்கு எந்தப் பலகையும் வளையவில்லை, மெல்லிசாச் சீவி ஆவியில வையுங்க, கொழுக்கட்டை அவிக்கையில பனையோலை தொவளுதுல்லா என்று லில்லிபாய் தன் இட்லிப் பானையையே தூக்கி வந்தாள், மரச்சீவல் வெந்தது, துணி சுற்றிப் பிடித்து, கவிழ்த்த குடத்தின் மேல் வளைத்துக் கட்டினோம், மறுநாள் அவிழ்த்தபோது வளைவு அப்படியே நின்றது, மூன்று பேரும் மாறி மாறி அதைத் தடவிப் பார்த்தோம்.

மூன்று பூச்சு வார்னிஷ் காய்ந்து, கடைசிப் பட்டையும் பொருந்தியதும் அவர் சட்டென்று எழுந்து வீட்டுக்குப் போகிறார், கோபமோ என்று நினைக்கிறேன், கறுப்புப் பையில் ஒரு பலாக்கன்றோடு திரும்பி வருகிறார், எங்க வைக்கட்டு டீச்சரே, நீங்க சொல்லுத எடத்துல வைக்கேன் என்கிறார், கன்றைப் பார்க்கிறேன், புதுத் தகரத்தில் தகிக்கும் வெயிலைப் பார்க்கிறேன், கொட்டகைப் பக்கமே வையுங்க அண்ணாச்சி, காருக்கு நெழலு வேணும்லா என்கிறேன், அவர் தலையைக் குனிந்துகொண்டு மம்பட்டி எடுக்கப் போகிறார், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து லில்லிபாயின் குரல், ஒரு ரெண்டடி தள்ளியே வையுங்க.